மேற்குக் கேட்டின் சாவி

கரட்டடித் தெருவுக்கு இரும்புக் கேட்டுப் போட வேண்டும் என்று முதலில் சொன்னவர் சீனிச்சாமி. அவர் ஒன்றைச் சொன்னால் அந்தத் தெருவில் அது பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதியையும் அவரே முடித்துவிடுவார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையோடு திருட்டும் சேர்ந்து வந்தது. ராசிங்காபுரத்துக்கு மேற்கே ஒரு மைல், மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்தத் தெரு. முதலில் சின்னமுத்துவின் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ‘பாத்து இருக்கணும்ப்பா’ என்றார் சீனிச்சாமி. அடுத்த வாரம் கட்டுத்தறியில் நின்ற சினைப்பசு ஒன்று போனது. ‘காலம் கெட்டுப்போச்சு’ என்றார். அதற்கடுத்த வாரம் மலையிலிருந்து இறக்கி அவர் வீட்டு முற்றத்திலேயே வைத்திருந்த இரண்டு மூட்டை ஏலக்காய் போய்விட்டது. அன்றைக்குத்தான் அவருக்குத் தெருவின் பாதுகாப்பைப் பற்றிய கவலை பொங்கிக்கொண்டு வந்தது.

“கிழக்க ஒண்ணு, மேக்க ஒண்ணு. ரெண்டையும் பூட்டிப்புட்டா ஒரு பய நுழைய முடியாது,” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நாற்பது வீடும் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நின்றன. வீடுகளின் முதுகுப்பக்கம் கல்சுவரும் முள்வேலியும் இருந்தன. கிழக்கு வாய் பஸ் வரும் ரோட்டைப் பார்த்தது, மேற்கு வாய் தோட்டங்களையும் மலையையும் பார்த்தது. இரண்டு வாயையும் அடைத்தால் தெரு ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருப்பது நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்தான் திருடன் என்று ஆகியிருக்கும்.

இரண்டு கேட்டும் போடியில் சீனிச்சாமியின் மச்சினன் வெல்டிங் பட்டறையில் தயாராகி, டிராக்டரில் ஏறிக் கார்த்திகைக் கடைசியில் வந்து சேர்ந்தது. அடியிலிருந்து நெஞ்சு உயரம் வரை கனத்த தகரம், அதற்கு மேலே கம்பிகள். நன்றாகவே செய்திருந்தான் மச்சினன். கதவு ஒவ்வொன்றும் அப்படி ஒரு கனம், திறக்கும்போது கீழ்முனை மண்ணில் இழுபடாமல் தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும். கிழக்குக் கேட்டை இரவு ஒன்பதுக்குப் பூட்டுவது, மலைப்பக்கத்து மேற்குக் கேட்டை மாலை ஆறுக்கே பூட்டுவது என்று கூடிப் பேசி முடிவு பண்ணினார்கள். ஆறு மணிக்கு மேல் மேற்குக் கேட்டு விடியற்காலை ஐந்துக்குத்தான் திறக்கும். யாராக இருந்தாலும் சரி.

இரண்டு சாவியும் பெரியகருப்பனிடம் வந்தன. வேறு யாருக்கும் அந்தச் சோலி வேண்டியிருக்கவில்லை என்பது ஒரு காரணம். அவனுக்கு வேறு எந்தச் சோலியும் இல்லை என்பது இன்னொன்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை அவன் போடிமெட்டு ஜீப்புகளில் லோடு ஏற்றி இறக்கப் போய்க்கொண்டிருந்தவன். ஒரு கொண்டை ஊசி வளைவில் மூட்டைகள் சரிந்து அவனையும் தள்ளிக்கொண்டு விழுந்தன. தொடை எலும்பு முறிந்து, வைத்தியர் போட்ட கட்டுக்குள் கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து மலையேறியது அவன் பெண்டாட்டி செல்லத்தாய். மெட்டுக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து, கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் தங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை இறங்கி வருவாள். வந்த அன்றே அவனுக்கு எண்ணெய் காய்ச்சிக் காலில் தேய்ப்பாள். திங்கள் காலை முதல் ஜீப்பில் போய்விடுவாள். பிள்ளை குட்டி கிடையாது. நடுவிலிருக்கும் நாட்களில் அவனே பொங்கி அவனே தின்றான்.

டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் சிலர் மெல்ல நகர்ந்து இடம் விடுவார்கள், இளக்காரமாக. ‘வாப்பா, ஒனக்கென்ன, வீட்டுக்காரி மலையில சம்பாரிக்குது’ என்பார்கள். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைச் சிரித்துச் சிரித்து அவனுக்குத் தாடை வலித்துப்போயிருந்தது. சாவி இடுப்பில் ஏறிய பிறகு அந்தப் பேச்சு நின்றது. அரைஞாண் கயிற்றில் இரண்டு சாவியும் தொங்க அவன் காலை இழுத்து இழுத்து நடந்து போனால், ‘மணி என்னாச்சு பெரியகருப்பா?’ என்று ஆட்கள் கேட்டார்கள். மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மார்கழி முழுவதும் பார்ப்பது, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் தெருக்கூட்டம் போட்டு உறுதி செய்வது என்று பேச்சு. உறுதியானால் வீட்டுக்கு வீடு மாசம் இரண்டு படி தானியம். இரண்டு வயிற்றுக்கு அது தாராளம்.

மார்கழி நடுவில் செல்லத்தாய் வந்தபோது அவன் அதைத்தான் சொன்னான். “இனிமே நீ மலைக்குப் போக வேணாம். பொங்கலுக்கு எறங்கி வா. வந்தா திரும்பப் போகாத.”

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கையெல்லாம் ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்து, விரல் நுனிகள் வெடித்திருந்தன. “கங்காணிகிட்டச் சொல்லிக் கணக்க முடிச்சுட்டு வந்துர்றேன்,” என்றாள். “பாத்திரம், போர்வை எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துர்றேன். அந்தக் குளுர்ல இனி படுக்க முடியாதுங்க.”

மறுநாள் அவனோடு மேற்குக் கேட்டுவரை வந்து தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். “எனக்குமா பூட்டுவீங்க?”

“ஆறு மணிக்குள்ள வந்துட்டா யாருக்கும் பூட்ட மாட்டேன்.”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் அவன் பாதிதான் விளையாட்டாகச் சொன்னான்.

மீதிப் பாதி என்னவென்று சின்னமுத்துவுக்குத் தெரியும். மோட்டாரைப் பறிகொடுத்த அதே சின்னமுத்து ஒருநாள் வாழைத்தோட்டத்தில் தண்ணீர் கட்டிவிட்டு ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு வந்து நின்றார். பெரியகருப்பன் திறக்கவில்லை. “நான்தாம்ப்பா, சின்னமுத்து” என்று அவர் கம்பிக்கு வெளியே நின்று சொன்னார். அவர் முகம் அவனுக்குத் தெரியாமலா இருக்கிறது? “ஆறு மணிக்கு மேல வழக்கமில்லண்ணே” என்றான். அவர் வேலியோரமாகவே முக்கால் மைல் சுற்றி, முள் கிழித்த காலோடு கிழக்கே வந்து நுழைந்தார். தெரு முழுக்க அதே பேச்சாக இருந்தது. சண்டை வரும் என்று பெரியகருப்பன் பயந்திருந்தான். ஆனால் காலையில் சீனிச்சாமி டீக்கடையில் எல்லார் முன்னாலும் அவன் தோளைத் தட்டினார். “இப்படித்தான் இருக்கணும். ஒருத்தனுக்குத் தெறந்தா கேட்டு எதுக்கு?” சின்னமுத்துவும், முள் எடுத்த காலைத் தடவிக்கொண்டே, சரிதான் என்றார்.

அதிலிருந்து அவனுக்கு ஒரு ருசி வந்துவிட்டது. அதை வேறு எப்படிச் சொல்வது? விறகு கொண்டுவருகிற ஒச்சம்மாள் ஒருநாள் சுமையோடு நின்றாள். அவளும் சுற்றித்தான் போனாள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் வழி தெரியாமல் மேற்கே வந்து நின்றார்கள். அவர்களும் சுற்றினார்கள். ‘வழக்கமில்ல’ என்று சொல்லச் சொல்ல அவன் குரல் கனத்துக்கொண்டே போனது. திருடன் மட்டும் ஒருவனும் வரவில்லை. கேட்டைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்றார்கள்.

தை பிறந்தது. காப்புக்கட்டு அன்றைக்கு வீட்டு வாசல்களில் கட்டுவதுபோல் கேட்டிலும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் செருகினார்கள். மாட்டுப் பொங்கல் அன்று அதையும் தாண்டிவிட்டார்கள். தெருவைக் காக்கிற கேட்டு மாட்டுக்கு எந்த விதத்தில் குறைந்தது என்று சீனிச்சாமிக்குத் தோன்றிவிட்டது. மாட்டுக் கொம்புக்கு அடித்த மிச்ச வர்ணத்தை மேற்குக் கேட்டின் கம்பிகளுக்கு அடித்தார்கள். மஞ்சள் தெளித்து, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். தூண் ஒன்றுக்கு ஒரு கட்டுக் கரும்பு. குலை தள்ளிய வாழைமரம் இரண்டு, சின்னமுத்து தோட்டத்திலிருந்து வெட்டி வந்தது. மலையைப் பார்த்த பக்கத்தில், வெளியே கட்டினார்கள். திருஷ்டி வெளியிலிருந்துதானே வரும்!

கட்டும்போது ஒச்சம்மாள் விறகை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வெளிய கரும்பு கட்டாதீங்கப்பா,” என்றாள். “தேவாரத்துப் பக்கம் ஒத்தக் கொம்பன் ஆன எறங்கியிருக்கு. முந்தாநாள் ஒரு தென்னந்தோப்பையே காலி பண்ணிருச்சாம்.”

“தேவாரம் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்?” என்றார் சீனிச்சாமி. “அப்படியே வந்தாலும் அதுக்குத்தான கேட்டு?” எல்லாரும் சிரித்தார்கள். பெரியகருப்பனும் சிரித்தான். ஒச்சம்மாள் விறகுக் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் செல்லத்தாய் வர வேண்டும். மெட்டுக்கு அந்தப் பக்கத் தோட்டங்களில் நம் பொங்கலுக்கு லீவு கிடையாது. முதல் நாளும் காய் எடுக்க வேண்டியிருந்ததால், மாட்டுப் பொங்கலன்று காலைதான் விடுவார்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் வீட்டைச் சாணி போட்டு மெழுகினான். அவளுக்கென்று ஒரு சேலை வாங்கி அடுக்குப்பானைக்குள் வைத்திருந்தான். வழக்கமாக அவள் ஜீப்பில் போடிக்கு இறங்கி, பஸ்ஸில் ராசிங்காபுரம் வந்து, கிழக்கு வழியாகத்தான் வருவாள். எனவே மத்தியானத்திலிருந்து அவன் கிழக்குக் கேட்டிலேயே நின்றான். இரண்டு பஸ் வந்து போனது. மூன்றாவது பஸ்ஸில் வந்த ஒருவன், பொங்கல் என்று டிரைவர்மார் போய்விட்டார்கள், மெட்டிலிருந்து ஜீப்பே ஓடவில்லை என்று சொன்னான்.

ஜீப்பு இல்லாவிட்டால் நடை. பழைய மலைப்பாதையில் நாலு மணி நேரம் இறங்கினால் மேற்குக் கேட்டுக்கே வந்துவிடலாம். அந்த நினைப்பு அவனுக்கு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு மணிக்கு மேற்கே வந்தவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்து நின்றான். பாதை தெரிந்தவரை யாரும் இல்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போய் வெகு நேரமாகியிருந்தது. தெருவில் மாடுகளை எல்லாம் மாலையோடு வீட்டு வாசல்களில் கட்டியிருந்தார்கள். மாட்டுக்கு ஊட்டிய மிச்சப் பொங்கலை வாழையிலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னப்பா, மணி ஆறு தாண்டிருச்சு,” என்று சீனிச்சாமி வாட்சைத் திருப்பிக் காட்டினார்.

“ஒரு அஞ்சு நிமிசம்ண்ணே. வீட்ல வர்ற மாதிரி...”

சீனிச்சாமி வாட்சுக் கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தார். பக்கத்தில் சின்னமுத்து இருந்தார். அவர் பெரியகருப்பனைப் பார்த்த பார்வையில், எனக்கு ஒரு சட்டம் உனக்கு ஒரு சட்டமா என்ற கேள்வி எழுதி ஒட்டாத குறையாக இருந்தது. நாளைக்குக் கூட்டம். பெரியகருப்பன் கதவைத் தூக்கிச் சாத்தினான். சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான். நாளைக்கு வருவாள், லீவு கிடைத்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முதலில் தெரிந்துகொண்டவை மாடுகள். தின்றுகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கியது. பக்கத்து மாடும் தூக்கியது. வரிசையாகத் தெரு முழுக்க மாடுகள் மேற்கே காதைத் திருப்பி நின்றன. நாய்கள் கேட்டுவரை ஓடிக் குரைத்தன. பிறகு ஒரே நேரத்தில் குரலை விழுங்கிக்கொண்டு வாலை இடுக்கித் திரும்பி வந்தன. அதைப் பார்த்த பிறகு பேச்சு நின்றது. கேட்டுக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் சின்னமுத்துவின் வாழைத்தோட்டம் இருந்தது. அதற்குள் ஏதோ முறிந்தது. நின்று, நிதானமாக இன்னொன்று முறிந்தது.

“ஆன,” என்றார் சின்னமுத்து.

பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு வீடுகளுக்குள் ஓடினார்கள். சிலர் ஓடாமல் கேட்டுக்குப் பத்தடி தள்ளி வந்து கூடினார்கள். பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. கேட்டு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவன் கிசுகிசுத்தான். பெரியகருப்பன் கேட்டை ஒட்டி நின்றான். கம்பி வழியே தோட்டத்தின் விளிம்பில் ஒரு கருமை அசைவதைப் பார்த்தான். இருட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஒரே ஒரு கொம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அப்போதுதான் பேச்சுக்குரல் கேட்டது. தோட்டத்தின் மறுபக்கம் வளைந்து வரும் மலைப்பாதையில் மூன்று பெண்கள், தலையில் மூட்டைகளோடு, வீடு வந்துவிட்ட சந்தோஷத்தில் உரக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவளின் நடையை அவனுக்கு எந்த இருட்டிலும் தெரியும்.

கூப்பிட்டு எச்சரிக்கவும் முடியாது. சத்தம் போட்டால் யானை திரும்பும். அவர்கள் கேட்டுக்கு வந்தே சேர்ந்துவிட்டார்கள். செல்லத்தாய் கரும்பையும் வாழையையும் பார்த்து, “அடேயப்பா, கேட்டுக்குக் கல்யாணமா?” என்று சிரித்தாள். பின்னால் வந்தவர்கள் ராசிங்காபுரத்து அன்னக்கொடியும் பெரியம்மாளும். இந்தத் தெரு வழியாகப் போனால் அவர்களுக்கு ஊர் பக்கம்.

“தெறங்க,” என்றாள் செல்லத்தாய். “ஜீப்பு வரும்னு மத்தியானம் வரைக்கும் காத்துக் கெடந்து நடந்தோம், கால் ரெண்டும் விட்டுப்போச்சு.”

அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் மெல்லத் திரும்பினாள். மூன்று வருஷம் மலையில் இருந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொம்பன் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, தும்பிக்கையைத் தூக்கிக் கரும்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நூறு அடி இருக்கும்.

“தெறங்க,” என்றாள் மறுபடியும், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

சாவி அவன் கையில் இருந்தது. தகரத்துக்குப் பின்னால், அவளுக்குத் தெரியாத உயரத்தில், அதை இறுக்கிப் பிடித்திருந்தான். பூட்டைத் திறந்து, சங்கிலி இரண்டு சுற்றையும் உருவி, கதவைத் தூக்கி ஓர் ஆள் நுழைகிற அளவு தள்ள இருபது எண்ணுகிற நேரம் ஆகும். இருபதுக்குள் யானை வந்துவிடுமா? வரலாம். வராமலும் இருக்கலாம்.

“பெரியகருப்பா,” என்றது முதுகுக்குப் பின்னால் சீனிச்சாமியின் குரல், காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி. “யோசிச்சுக்க. உள்ள நாப்பது வீட்டுப் புள்ளைக இருக்கு. மாடெல்லாம் கட்டிக் கெடக்கு. நான் தடுக்கல. ஒன் இஷ்டம்.”

யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவனுக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பிள்ளைகளுக்காக நின்றான் என்று பிறகு தெருவே சொன்னது. அவனுக்குத் தெரியும், அந்த நொடியில் பிள்ளைகள் யாரும் அவன் நினைப்பில் இல்லை. நாளைக்குக் கூட்டம் என்பதும், முதுகில் ஊன்றியிருந்த அத்தனை கண்களும்தான் நினைப்பில் இருந்தன. திறக்காத ஆள் என்று பெயர் வாங்கியிருந்தான். அந்தப் பெயரை விட்டால் அவனிடம் ஒரு கோணல் காலைத் தவிர வேறு எதுவும் இல்லை. கேவலம்தான். ஆனால் அதுதான் நடந்தது.

“சாவி எங்கிட்ட இல்ல செல்லத்தாயி,” என்றான், கம்பியோடு வாயை வைத்து, அவளுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி. “சீனிச்சாமி அண்ணன் வாங்கி வச்சிருக்காரு. நீ வெரசா தெக்கால போயிரு.”

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவனை அப்படியே நம்பினாள். “சரி. நீங்க கேட்டுகிட்ட நிக்காதீங்க, தள்ளிப் போங்க,” என்றாள். மற்ற இருவரிடமும் திரும்பி, “ஓடாதீங்கடி. மூட்டைய இங்கனயே மெதுவா எறக்குங்க. சுவரை ஒட்டி ஓடைக்குள்ள எறங்குவோம். பாறைக்குள்ள அது வராது,” என்றாள். மூன்று மூட்டைகளும் கேட்டு முன்னால் இறங்கின. மூன்று பேரும் தோளை உரசிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், தெற்கே நடந்து இருட்டுக்குள் போனார்கள். யானை தலையை அந்தப் பக்கம் திருப்பியது. கொஞ்சம் நின்றது. பிறகு கேட்டைப் பார்த்து நடந்து வந்தது.

அது அவசரமே படவில்லை. ஒரு தூணில் கட்டியிருந்த கரும்பை உருவித் தின்றது. மறு தூணுக்குப் போனது. வாழைக்குலையைப் பிய்த்தபோது கேட்டு ஆடியது, கம்பிகள் முனகின. கரும்பு முடிந்ததும் நெற்றியை ஒருமுறை தகரத்தில் வைத்துத் தள்ளிப் பார்த்தது. தகரம் உள்ளே வளைந்து வந்தது. ஆனால் கேட்டு நின்றது. பிறகு காலடியில் கிடந்த மூட்டைகளைப் புரட்டி, ஒன்றை மிதித்து, உதறிப் பார்த்துவிட்டு, வந்த வழியே வாழைத்தோட்டத்துக்குள் போய்விட்டது. இருபது நிமிஷம் என்றார் சீனிச்சாமி, வாட்சைப் பார்த்து.

அந்த இருபது நிமிஷமும் பெரியகருப்பன் தெற்கேதான் காதை வைத்திருந்தான். ஒரு அலறல் வந்தால் செத்துப்போவது என்று முடிவு பண்ணியிருந்தான். எதுவும் வரவில்லை. முறிகிற சத்தம் மலைப்பக்கமாக விலகி விலகிப் போய் ஓய்ந்ததும், யாரையும் கேட்காமல் பூட்டைத் திறந்தான். கூட யாரும் வரவில்லை. ஒருவன் பேட்டரி லைட்டை மட்டும் கையில் கொடுத்தான்.

வாசலில் மிதிபட்டுக் கிடந்தது அவளுடைய மூட்டை. லயத்தில் அவள் பொங்கித் தின்ற ஈயச்சட்டி தட்டையாகிக் கிடந்தது. போர்வை கிழிந்து சேற்றில் கிடந்தது. அந்தக் குளிரில் இனிப் படுக்க முடியாது என்று அவள் எடுத்துவந்த போர்வை. அவன் அதைத் தாண்டிக் காலை இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போனான். “செல்லத்தாயி! ஏ செல்லத்தாயி!” மூன்றாவது தடவை கூப்பிட்டபோது பாறைகளுக்கு இடையிலிருந்து, “இங்க இருக்கோம், லைட்ட அணைங்க,” என்று பதில் வந்தது. அவன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதான்.

அவளுக்கு முழங்காலில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்திருந்தது. வேறொன்றும் இல்லை. அவன் அழுவதைப் பார்த்து அவளே அவனைத் தூக்கி நிறுத்தினாள். “ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல,” என்று முதுகைத் தடவினாள். திரும்பி நடக்கையில் அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இவ கேட்டுக்கிட்டே இருந்தா,” என்று அன்னக்கொடியைக் காட்டினாள். “தகர இடுக்குல பாத்தேன், ஒன் வீட்டுக்காரரு கையி கீழ எதையோ புடிச்சிருந்துச்சேன்னு. அவருகிட்ட சாவி இருந்தா நம்மள வெளிய விடுவாராடின்னு திட்டுனேன். அண்ணன் எப்ப வாங்குனாரு ஒங்ககிட்டருந்து?”

“சாயந்தரம்,” என்றான் அவன். “இப்பத்தான் குடுத்தாரு.”

“அவரைச் சொல்லியும் குத்தமில்ல. ஊரப் பாக்கணும்ல,” என்றாள். அன்னக்கொடி அவர்களை விட்டு விலகியே நடந்து வந்தாள்.

கேட்டுக்கு வந்தபோது தெரு முழுவதும் அங்கே நின்றது. யானை போய்விட்ட தைரியத்தில் எல்லாருக்கும் குரல் திரும்பியிருந்தது. யாரோ பெட்ரோமாக்ஸ் ஏற்றி வந்திருந்தார்கள். வளைந்த தகரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சீனிச்சாமி முன்னால் வந்தார். பொங்கலுக்குப் போட்டிருந்த புதுத் துண்டைத் தன் தோளிலிருந்து எடுத்துப் பெரியகருப்பன் தோளில் போட்டார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. மனிதர் மனசாரத்தான் சொன்னார்.

“ஆத்தா செல்லத்தாயி, இவன மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்ல. சாவிய கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறான். கட்டுனவ முன்னால நின்னு தெறங்கங்கிறா. நானே சொன்னேன், ஒன் இஷ்டம்னு. தெறக்கலையே! நாப்பது வீட்டையும் காப்பாத்திப்புட்டான். நாளைக்குக் கூட்டமெல்லாம் எதுக்கு, இப்பவே சொல்றேன், இந்தக் கேட்டு இருக்கிற வரைக்கும் சாவி இவன்கிட்டத்தான்.”

பெண்கள் குலவை போட்டார்கள்.

செல்லத்தாய் ஒரு காலைக் கேட்டுக்குள் வைத்திருந்தாள். அவள் தோளில் இன்னும் அவன் கை இருந்தது. குலவை அடங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு அவன் கையை எடுத்து, விழுந்துவிடாமல் பார்த்து, கம்பியைப் பிடிக்க வைத்தாள்.

“ஒங்ககிட்டயா இருந்துச்சு?” என்றாள்.

அவன் கை தானாக இடுப்புச் சாவியை மூடியது. அவன் முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள்.

“அன்னக்கொடி, ஒங்க வீட்ல எனக்குப் படுக்க எடம் இருக்குமா?”

“வாக்கா,” என்றாள் அன்னக்கொடி.

“ஏ ஆத்தா, இதென்ன? உள்ள வந்து இப்படியே போங்களேன்,” என்றார் சீனிச்சாமி. “வெளிய சுத்திப் போறீங்களே, ஆன இன்னும் அங்கனதான நிக்கும்.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. சேற்றில் கிடந்த தட்டைச் சட்டியைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். “நேரமாயிருச்சு, பூட்டிக்கங்க,” என்று பெரியகருப்பனிடம் சொன்னாள். மூன்று பேரும் வேலியோரமாக, முள்ளுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவில், ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எட்டியவரை அவர்கள் முதுகு தெரிந்தது.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றான். வாழைத்தோட்டத்துக்குள் மறுபடி ஒன்று முறிந்தது. கூட்டம் இரண்டடி பின்னால் போனது. யாரோ பிள்ளையைத் தூக்கினார்கள்.

“பூட்டுப்பா, வெரசா,” என்றார் சீனிச்சாமி.

பெரியகருப்பன் கதவைத் தூக்கிச் சாத்தி, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.